பொற்கிழியும் பூக்குடலையும்: பெரியாழ்வார் திவ்ய சரிதம்

ஆடித் திங்களில் மேற்குமலைத் தொடரிலிருந்து இறங்கி வரும் காற்று வயல்களைத் தடவிச் செல்லும் வேளையில், இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி வரும் நெடுஞ்சாலையில் பக்தர்கள் சாரிசாரியாக வருகின்றனர். வண்டியில் வருவோரும் உளர். கால்நடையாக வருவோரும் உளர். இரண்டூர்களுக்கும் இடையே உள்ள தொலைவு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவினதே. ஊரை நெருங்குகையில் பதினொரு நிலைகளும் பதினொரு கலசங்களும் கொண்டு விண்ணளாவி நிற்கும் வடபெருங்கோயிலின் இராஜகோபுரம் முதலில் கண்ணுக்குப் புலனாகின்றது. கண்டவுடன் கைகள் தாமே தலைமேற் குவிகின்றன. தமிழக அரசின் இலச்சினையில் காணும் கோபுரம் இதுவே என்று மக்கள் நெடுங்காலமாகப் பெருமையுடன் சொல்லி வருகின்றனர்.

அக்கோபுரத்தின் அடியில் ஒரு பொன்முடிப்பின் கதை இருக்கின்றது. ஏழைப் பூமாலைக் கைங்கர்யபரர் ஒருவர் பாண்டிய மன்னனது அவையில் வென்று கொணர்ந்த பொற்கிழியே அத்திருப்பணிக்கு முதலாயிற்று என்பது தொன்றுதொட்டு வழங்கிவரும் ஐதிஹ்யம். பிற்காலத்தில் நாயக்க மன்னர் முதலியோர் இத்தலத்தில் பல திருப்பணிகள் செய்துள்ளனர். ஆயினும் இவ்வூர் மக்களின் உள்ளத்தில் கோபுரம் என்றாலே பெரியாழ்வாரின் நினைவுதான் எழும்.

செல்வம் மனிதனுக்கு இன்பம் தருமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. திருவிழாவுக்கு வருவோரில் பலர் நெஞ்சில் ஒரு பொருட்குறையைச் சுமந்தே வருகின்றனர். கடன் தீர வேண்டும், மகளுக்கு மணம் முடிய வேண்டும், வியாபாரம் செழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத கைகள் குறைவே. அவ்வாறு வேண்டுவோரை இகழாமலும், வேண்டியது கிடைத்தபின் செய்யத்தக்கது இன்னதென்று காட்டியும் வாழ்ந்தவர் பெரியாழ்வார். ஆதலின் அவரது சரிதத்தை இத்திருவிழா நாளில் சிந்திப்பது மிகவும் பொருத்தமாகும்.

திருவவதாரம்

செண்பகாரண்யம் என்று பெயர்பெற்ற காட்டைத் திருத்தி நாடாக்கியவன் வில்லி என்னும் வேடர் தலைவன். அவன் பெயராலேயே ஊர் வில்லிபுத்தூராயிற்று என்று தலவரலாறு கூறும். ஆலிலையின்மேற் பள்ளிகொண்ட வடபத்ரசாயி அங்கே வடபெருங்கோயிலுடையான் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியுள்ளான். அவ்வெம்பெருமானது திருவடி நிழலில், வேயர்குலத்தில், முகுந்தபட்டர் என்னும் அந்தணருக்கும் பதுமவல்லிக்கும் ஆனி மாதத்துச் சுவாதி நன்னாளில் ஆழ்வார் திருவவதாரம் செய்தார். அவரைக் கருடனது அம்சமாகப் பெரியோர் போற்றுவர். அவர் வாழ்ந்த காலம் கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பது வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து.

பெற்றோர் இட்ட பெயர் விஷ்ணுசித்தர். விஷ்ணுவையே சித்தத்தில் உடையவர் என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப இளமையிலேயே அவரது உள்ளம் எம்பெருமானிடம் ஈடுபட்டது. ஆனால் எத்தகைய தொண்டு செய்து வாழ்வைப் பயனுடையதாக்குவது என்று அவர் ஆராய்ந்தார். பெருந்தனம் இருந்தால் மண்டபம் எடுப்பிக்கலாம்; அன்னதானம் நிகழ்த்தலாம். அவரிடம் தனமில்லை. கண்ணன் கம்சனது மதுரைக்கு எழுந்தருளியபோது மாலாகாரர் ஒருவரது மனைக்குத் தானே நடந்து சென்று பூமாலை கேட்டு வாங்கிச் சூடிக்கொண்ட வரலாறு அவர் நினைவுக்கு வந்தது. மன்னர் மாளிகைகள் நிறைந்த அந்நகரில் எம்பெருமான் வாய்திறந்து கேட்டது ஓர் எளிய பூத்தொடுப்போனிடம். அதனை எண்ணியெண்ணி நெகிழ்ந்த விஷ்ணுசித்தர், பூமாலை சாற்றுவதே எம்பெருமான் உகக்கும் தொண்டு என்று துணிந்தார்.

நந்தவனக் கைங்கர்யம்

நிலத்தைக் கொத்தி, பாத்தி கட்டி, கிணற்றுநீர் இறைத்துப் பாய்ச்சி ஒரு திருநந்தவனம் அமைத்தார். வைகறையில் துயிலெழுந்து நீராடி, வண்டு மொய்க்குமுன் மலர் கொய்து, குடலையில் இட்டு, திருத்துழாயுடன் தொடுத்து, வடபெருங்கோயிலுடையானுக்குக் கொண்டுசென்று சமர்ப்பித்தார். ஒருநாள் செய்து மறுநாள் ஓயும் தொண்டன்று அது. மழைநாளிலும் வெயில்நாளிலும் செடிக்கு நீர் வேண்டும். உடல் சோர்ந்த நாளிலும் பெருமாளுக்கு மாலை வேண்டும்.

அவரது பாசுரங்களைச் சேவிப்போருக்கு ஒன்று விளங்கும். கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதை அழைப்பதாக ஆழ்வார் ஒரு பதிகம் அருளிச்செய்திருக்கின்றார். செண்பகம், மல்லிகை, பாதிரி, புன்னை, செங்கழுநீர், இருவாட்சி, கருமுகை என்று மலர்கள் வரிசையாக அதில் வருகின்றன. தம் கையால் நட்டு, தம் கையால் பறித்த மலர்களின் மணம் அப்பதிகம் முழுதும் கமழ்கின்றது. ஊரார் பார்வையில் அவர் ஒரு பூப்பறிக்கும் அந்தணர். சாத்திர விசாரத்திலோ அரசவைச் சிறப்பிலோ அவருக்குப் பழக்கமில்லை. ஆயினும் குறை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை.

பாண்டியனது கவலை

அக்காலத்தில் மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டிய மன்னன் செங்கோல் செலுத்தி வந்தான். ஒருநாள் இரவு மாறுவேடம் பூண்டு நகர்சோதனை வருகையில், ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தணர் ஒருவர் படுத்துறங்குவதைக் கண்டான். அவரை எழுப்பி யாரென்று வினவினான். கங்கையாடி வரும் வழிப்போக்கர் என்று அறிந்து, தனக்கொரு நல்வார்த்தை சொல்லுமாறு வேண்டினான். அவர் சொன்ன வார்த்தை இதுவே: மழைக்கால நான்கு மாதங்களுக்கு வேண்டுவதை மற்றை எட்டு மாதங்களில் தேடிக்கொள்ள வேண்டும், இரவுக்கு வேண்டுவதைப் பகலில் தேட வேண்டும், முதுமைக்கு வேண்டுவதை இளமையில் தேட வேண்டும், மறுமைக்கு வேண்டுவதை இம்மையிலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

மன்னன் அரண்மனைக்கு மீண்டான், உறக்கம் வரவில்லை. முதல் மூன்றுக்கும் அவனுக்குக் குறைவில்லை. களஞ்சியம் நிறைய நெல்லும், கருவூலம் நிறைய பொன்னும், வாயில்தோறும் காவலும் இருந்தன. நான்காவதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. அதை எங்கே தேடுவது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஊர்பேர் அறியாத வழிப்போக்கர் வெறுந்திண்ணையில் கவலையின்றி உறங்கிக்கொண்டிருந்தார். நாடாளும் மன்னனோ பஞ்சணையில் விழித்திருந்தான். இச்சரிதத்தில் பொருளைப் பற்றிய முதற்பாடம் அந்த இரவிலேயே அமைந்துவிட்டது.

மறுநாள் மன்னன் தன் புரோகிதரான செல்வநம்பியிடம் தன் ஐயத்தை வெளியிட்டான். திருக்கோட்டியூரைச் சார்ந்த செல்வநம்பி பரமபாகவதர். பின்னாளில் ஆழ்வாரே தம் திருப்பல்லாண்டில் வைத்துப் போற்றும் பேறு பெற்றவர். வித்வான்களைத் திரட்டி, மறுமைப் பயனளிக்கும் பரம்பொருள் எதுவென்று நிர்ணயிக்கச் செய்வதே தக்கதென்று அவர் கூறினார். அதன்படி மன்னன் ஒரு கம்பத்தில் பொற்கிழியைத் தொங்கவிட்டு, பரதத்துவத்தை ஐயமற நிலைநாட்டுவோருக்கு அதுவே வித்யாசுல்கம் என்று பறையறைவித்தான்.

பொன்னின் பெயர் கேட்டதும் பண்டிதர்கள் நாற்றிசையினின்றும் வந்து குவிந்தனர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தார். வாதங்கள் வளர்ந்தன; கிழி கம்பத்திலேயே தொங்கியது. மன்னனது கலக்கமும் தீரவில்லை.

கிழி தாழ்ந்தது

அப்போது வடபெருங்கோயிலுடையான் விஷ்ணுசித்தரின் கனவில் தோன்றி, மதுரைக்குச் சென்று கிழியறுத்து வருமாறு பணித்தான். ஆழ்வார் திகைத்தார். பூக்குடலையும் மண்வெட்டியுமே அறிந்த தாம், சாத்திரம் கற்ற பெரும்புலவர் அவையில் சென்று என்ன பேச முடியும் என்று விண்ணப்பித்தார். பேசுவிப்பது தன் பொறுப்பு என்றும், புறப்படுவது மட்டுமே அவர் பொறுப்பு என்றும் எம்பெருமான் உணர்த்தினான். அவ்வளவில் ஆழ்வார் மதுரைக்குப் புறப்பட்டார்.

செல்வநம்பியும் மன்னனும் அவரை எதிர்கொண்டு உபசரித்தனர். அங்கிருந்த பண்டிதர் சிலர், கற்றறியாத ஒருவருக்கு இத்தனை சிறப்பா என்று மனம் புழுங்கினர். ஆழ்வார் எம்பெருமானது அருளால் வேதங்களின் பொருளையும் இதிகாச புராணங்களின் கருத்தையும் எடுத்துக்காட்டி, ஸ்ரீமந் நாராயணனே பரதத்துவம் என்று ஐயந்திரிபற நிலைநாட்டினார். அவர் சொல்லி முடித்ததும், யாரும் தொடாமலேயே கம்பம் வளைந்து பொற்கிழி அவர் முன்னே தாழ்ந்து வந்தது. ஆழ்வார் அதனை அறுத்துக்கொண்டார். இகழ்ந்தவர்களும் வணங்கினர். மன்னன் அவருக்குப் பட்டர்பிரான் என்னும் பட்டம் சூட்டினான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொன்னுக்காக வந்தவர்கள் பலர்; அவர்களுக்குக் கிழி எட்டவில்லை. எம்பெருமான் ஏவியதற்காக மட்டும் வந்தவருக்குக் கிழி தானே இறங்கி வந்தது. அவர் அதனை வேண்டாமென்று தள்ளவுமில்லை. பொருளைக் கண்டு அஞ்சி ஓடுவது ஆழ்வாரின் நெறியன்று. கொடுத்தவன் யார், எதற்காகக் கொடுத்தான் என்பதில் அவருக்கு ஐயம் இல்லாதபடியால், வாங்கிக்கொள்வதில் கூச்சமும் இல்லை.

திருப்பல்லாண்டு

மன்னன் ஆழ்வாரைப் பட்டத்து யானையின்மேல் எழுந்தருளச் செய்து, சாமரம் வீச, சங்கம் முழங்க நகர்வலம் செய்வித்தான். நேற்றுவரை மண்கொத்தியவர் இன்று யானைமேல் வருகின்றார். கையில் பொற்கிழி, சுற்றிலும் சேனை, வீதியெங்கும் வாழ்த்தொலி. உலகத்தார் இன்பம் என்று எதனைக் கருதுகின்றனரோ அது முழுதும் அந்த ஒரு கணத்தில் அவருக்கு வாய்த்திருந்தது.

தன் அடியவன் பெற்ற சிறப்பைக் காணப் பெற்றோர்போல ஆசைப்பட்ட எம்பெருமான், பிராட்டியுடன் கருடாரூடனாக வானில் தோன்றினான். ஆழ்வார் கண்டார். காலத்துக்கு உட்பட்ட இவ்வுலகில், கண்ணேறு படக்கூடிய இடத்தில், பேரழகனான பெருமான் இப்படி வெளிப்பட்டு நிற்கின்றானே, அவனுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அவர் உள்ளம் பதைத்தது. யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடினார்.

காக்கும் கடவுளுக்குக் காப்பிட்டவர் என்பதனாலேயே அவர் பெரியாழ்வார் ஆனார். மற்றை ஆழ்வார்கள் தமக்காக எம்பெருமானிடம் மங்களம் வேண்டியிருக்க, இவர் எம்பெருமானுக்கே மங்களம் வேண்டினார் என்று பூர்வாசாரியர்கள் வியந்து பேசுவர். கையில் செல்வம் வந்தவுடன் மனிதர்க்கு எழும் முதல் எண்ணம் அதனை எங்கே காப்பது, யாரிடமிருந்து காப்பது என்பது. ஆழ்வாருக்கும் அன்று கவலை எழுந்தது. ஆனால் அக்கவலையில் கிழியும் இல்லை, தாமும் இல்லை.

பன்னிரண்டு பாசுரங்கள் கொண்ட அத்திருப்பல்லாண்டில் ஆழ்வார் தாம் மட்டும் பாடி அமையவில்லை. துணைக்கு மூவகையாரை அழைக்கின்றார் என்று வியாக்கியான கர்த்தாக்கள் விளக்குவர். எம்பெருமானுக்கு அடிமை செய்வதையே விரும்புவோர் ஒருவகை. தம் ஆத்மாவைத் தாமே அனுபவித்திருக்க விரும்பும் கைவல்யார்த்திகள் ஒருவகை. செல்வத்தை விரும்பும் ஐசுவரியார்த்திகள் ஒருவகை. இவர்களுள் பொருளை நாடி வந்தவரையும் ஆழ்வார் வெளியே நிறுத்தவில்லை. கூட்டத்தில் வந்து சேரும்படி அவர்களையும் கூவியழைக்கின்றார். அவர்களும் வருகின்றனர். நல்ல உணவும், வெற்றிலையும், கழுத்துக்கும் காதுக்கும் அணிகலனும், பூசச் சந்தனமும் தந்து தங்களை நல்லவர்களாக்கியவன் என்று எம்பெருமானை வாழ்த்துகின்றனர். பெற்ற பொருளை எண்ணும்போதே கொடுத்தவனையும் எண்ணிய அளவில், செல்வத்தை நாடியவர் உள்ளமும் தூய்மை பெற்றுவிடுகின்றது. பொருள் வேண்டித் திருக்கோயிலுக்கு வருவோர் வெட்கப்பட வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த ஆதாரம் வேண்டா.

மீண்டும் நந்தவனம்

ஆழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினார். ஊரார் திரண்டு எதிர்கொண்டனர். கொணர்ந்த பொருள் முழுவதையும் வடபெருங்கோயிலுடையான் திருவடிகளில் சமர்ப்பித்தார். மறுநாள் வைகறையில் வழக்கம்போல் குடலையை எடுத்துக்கொண்டு நந்தவனத்துக்குப் போனார்.

இம்மறுநாளைச் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். அப்பொன்னைக்கொண்டு ஆட்களை அமர்த்தித் தோட்டவேலை செய்வித்திருக்கலாம். அரசகுருவாக மதுரையிலேயே தங்கியிருக்கலாம். கிழியில் ஒரு பங்கைத் தம் குடும்பத்துக்கென்று வைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார். அவர் அவ்வாறு செய்யாமைக்குக் காரணம் பொன்மேல் வெறுப்பன்று. கிழி வருவதற்கு முன்பே அவர் வாழ்வு நிறைந்திருந்தது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தால் அது வழிந்து நிலத்தைத்தான் குளிர்விக்கும். ஆழ்வாருக்கு வந்த செல்வம் அவ்வாறே வழிந்து ஊருக்கும் கோயிலுக்கும் பயன்பட்டது. குறைந்த குடத்துக்கோ எவ்வளவு வார்த்தாலும் இன்னும் வேண்டும் என்னும் ஓசை அடங்குவதில்லை.

பின்னர் அவர் கண்ணனது பிள்ளைப்பருவத்தில் ஈடுபட்டு, யசோதையின் உள்ளத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டு திருமொழி அருளிச்செய்தார். தாலாட்டும், அம்புலியை அழைத்தலும், செங்கீரையும், சப்பாணியும், தளர்நடையும் அதில் உள்ளன. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் வளர்வதற்கு அது வித்தாயிற்று. திருப்பல்லாண்டையும் சேர்த்து அவர் அருளிச்செய்த பாசுரங்கள் 473.

செல்வத்தைப் பற்றி ஆழ்வார்

பொருளைப் பற்றி ஆழ்வார் திருமொழியில் அருளிச்செய்தவை ஊன்றி நோக்கத்தக்கன. காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டுத் தம் குழந்தைகளுக்குச் செல்வர்களின் பெயரை இட்டு மகிழும் பெற்றோரை ஒரு பதிகத்தில் அவர் இரங்கிக் கடிகின்றார். பொருளுடையாரின் தயவைப் பெறுவதற்காகப் பெற்ற பிள்ளையின் பெயரையே விலைபேசுவது அக்காலத்திலும் இருந்திருக்கின்றது. எம்பெருமான் திருநாமத்தை இட்டு அழையுங்கள். அவ்வாறு அழைத்த தாய் நரகம் புகாள் என்பது அவர் உபதேசம்.

மற்றொரு பதிகத்தில் ஒரு மரணப் படுக்கையைக் காட்டுகின்றார். உயிர் ஊசலாடுகின்றது. உறவினர் சூழ்ந்திருக்கின்றனர். எங்கேனும் மறந்து வைத்த பொருள் உண்டாயின் சொல்லிவிடுமாறு அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். கிடப்பவனுக்கோ வாய் திறக்க இயலவில்லை. வாழ்நாளெல்லாம் யாருக்காகச் சேர்த்தானோ அவர்கள் கடைசி நேரத்தில் அவன் முகத்தை நோக்கவில்லை. அவன் மறைத்து வைத்ததையே நோக்குகின்றனர். இக்காட்சியை ஆழ்வார் கற்பனையால் பாடினார் என்று எண்ண இடமில்லை. எந்த ஊரிலும், எந்த வீதியிலும் இன்றும் நிகழக்கூடியது அது. அந்நிலை வருமுன் நெஞ்சில் எம்பெருமானை இருத்திக்கொள்ளுமாறு அவர் எச்சரிக்கின்றார்.

தமக்கு வறுமை எது என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றார். உண்ணாத நாள் தமக்குப் பட்டினி நாளன்று. திருநாமத்தை நினையாமலும் புதுமலர் கொண்டு திருவடியை அடையாமலும் கழியும் நாளே பட்டினி நாள் என்பது அவர் கொள்கை. பசியை அறியாதவர் சொன்ன சொல்லன்று இது. தொண்டு செய்து வாழ்ந்த எளிய மனையில் பசியும் ஒரு விருந்தாளியாக வந்துபோயிருக்கும். ஆயினும் அவர் தம் வறுமையை அளந்த கோல் வேறு.

துளசிப் பாத்தியில் கிடைத்த செல்வம்

அந்நந்தவனத்திலேயே ஓர் ஆடிப்பூர நாளில் திருத்துழாய்ப் பாத்தியில் ஒரு பெண்மகவை ஆழ்வார் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டுத் தம் திருமகளாக வளர்த்தார். மதுரையில் பெற்ற கிழியை வந்த நாளிலேயே கொடுத்துவிட்டவர், இந்தச் செல்வத்தை மார்போடு அணைத்துக் காத்தார். கண்ணன் கதைகளைச் சொல்லிச் சொல்லி அவர் வளர்க்க, மகளும் கண்ணனுக்கே உரியவளாய் வளர்ந்தாள்.

எம்பெருமானுக்கென்று தொடுத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்துப் பின் குடலையில் வைக்கும் மகளின் செய்கையை ஒருநாள் ஆழ்வார் கண்டார், வருந்தினார், கடிந்துகொண்டார், அன்று மாலை சாற்றாமல் இருந்துவிட்டார். எம்பெருமான் கனவில் தோன்றி, அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகப்பானது என்று அருளினான். அது முதல் கோதை சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். திருப்பாவை 30 பாசுரங்களும், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் அவள் தமிழுலகுக்குத் தந்தவை.

மணப்பருவம் வந்தபோது மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என்று மகள் உறுதியாக நின்றாள். அரங்கநாதனே தனக்கேற்ற மணாளன் என்பது அவள் முடிவு. அரங்கனது ஆணைப்படி ஆழ்வார் மகளைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். சிவிகையினின்று இறங்கிய ஆண்டாள் அரங்கனது திருவடியை அடைந்து அவனோடு கலந்தாள். ஆழ்வார் அரங்கனுக்கு மாமனாராகும் பெரும்பேறு பெற்றார்.

பெரும்பேறு பெற்றவர் வீடு திரும்பியபோது வீடு வெறுமையாக இருந்தது. தாமரை மலர்கள் பனியால் வாடி அழகிழந்த பொய்கைபோல் தம் இல்லம் ஆயிற்றென்றும், ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்திருக்கச் செங்கண்மால் கொண்டுபோனானென்றும் ஒரு தாய் புலம்புவதாக அவர் திருமொழியில் ஒரு பதிகம் அமைந்துள்ளது. அதனைச் சேவிக்கும் பெரியோர் அங்கே பெரியாழ்வாரின் சொந்தக் கண்ணீரையே காண்பர். பொற்கிழியைக் கொடுத்தபோது அவர் கண்ணில் நீர் இல்லை. மகளைக் கொடுத்தபோது நீர் பெருகியது. பொருளின் பிரிவு வேறு, அன்பின் பிரிவு வேறு. எம்பெருமானுக்கே ஆட்பட்டு வாழ்ந்தவர்க்கும் துக்கம் வரத்தான் செய்தது. அதனை மறைக்காமல் பாடி, அந்தப் பாட்டையும் எம்பெருமானுக்கே மாலையாக்கினார். மறுநாளும் நந்தவனத்துச் செடிகள் நீருக்குக் காத்திருந்தன.

இறுதிக் காலத்தில் ஆழ்வார் திருமாலிருஞ்சோலையை அடைந்து, அழகரை மங்களாசாஸனம் செய்துகொண்டிருந்து, அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவரது திருவரசு அங்கே உள்ளது.

இராஜபாளையத்து அடிச்சுவடு

ஆழ்வார் காட்டிய நெறி பழங்கதையாய்ப் போய்விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் அண்டையூரான இராஜபாளையம் 1936-ஆம் ஆண்டில் தொடங்கிய பஞ்சாலை முதலாகத் தொழில் வளத்தால் செழித்த ஊர். அவ்வூரில் 1898-இல் பிறந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா. இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்ட அவர், காந்தியடிகளின் நெறியில் நின்று நாட்டின் விடுதலைக்காகச் சிறைசென்றார். 1949-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1950-இல் குடியரசு மலர்ந்தபின் 1952 வரை முதலமைச்சராக விளங்கினார். 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார்.

இத்துணைப் பதவிகளைக் கண்டவர் தம் சொந்த வீட்டைத் தம் ஊர் மக்களுக்கென்று வழங்கிவிட்டார். அவ்வீடே காந்தி கலை மன்றமாக ஊராருக்குப் பயன்பட்டு வருகின்றது. 1957-இல் அவர் மறைந்தார். யானைமேல் ஏறியவர் மீண்டும் பூக்குடலையை எடுத்த மண்ணுக்கு அருகில், பதவியில் ஏறியவர் வாழ்ந்த வீட்டையும் கொடுத்துவிட்டுச் சென்றது இயல்பாகவே தோன்றுகின்றது. வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் வீடாக இருந்திருக்கும். கொடுத்தபடியால் ஊரே அதில் நுழைகின்றது.

திருவிழாவில் ஆழ்வார்

ஆடிப்பூர உற்சவத்தின் ஐந்து கருட சேவையன்று இரவு, பெருமாள்கள் ஐவரும் கருடன்மேல் எழுந்தருள, ஆண்டாள் பெரிய அன்ன வாகனத்திலும் பெரியாழ்வார் சிறிய அன்ன வாகனத்திலும் எழுந்தருளும் காட்சியைச் சேவிப்போர் பாக்கியசாலிகள். மதுரை வீதியில் கருடன்மேல் வந்து தம்மைக் கண்ட பெருமானை, ஆழ்வார் தம் ஊர் வீதியில் ஆண்டுதோறும் மீண்டும் காண்கின்றார்.

மார்கழியில் பகற்பத்தின் முதல்நாள் ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகைக்கு எழுந்தருளுகின்றனர். பிறந்தகத்துக்கு வரும் மகளையும் மருமகனையும் காய்கறிகளைப் பரப்பி வைத்து வரவேற்பர். பச்சைப் பரத்தல் என்று அதற்குப் பெயர். அரங்கனது மாமனார் வீட்டுச் சீர்வரிசையில் முன்னிற்பது பொன்னன்று. தோட்டத்தில் விளைந்த பசுங்காய்கள். ஆழ்வாரின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு வழக்கத்தில் அடங்கியிருக்கின்றது.

செல்வம் இன்பம் தருமா என்னும் வினாவுக்கு ஆழ்வாரின் சரிதம் தரும் விடை எளியது. செல்வம் வரும்போது வணங்கி ஏற்கலாம். ஆனால் அது வருவதற்கு முன்பே, ஒவ்வொரு வைகறையும் எழுந்து செய்வதற்கு உகந்த ஒரு தொண்டு நமக்கு இருக்க வேண்டும். அது உள்ளவனுக்குச் செல்வம் கருவியாகும். இல்லாதவனுக்குச் செல்வமே காவல் வேலையாகிவிடும்.

தேர்வடம் தொட வந்திருக்கும் அன்பர்கள் நந்தவனத்தையும் சேவித்துச் செல்வார்களாக. அங்கே சிறிது நேரம் அமர்ந்து, தம் இல்லத்தருகே ஒரு துளசிச் செடியேனும் நட்டு நாள்தோறும் நீர் வார்க்க உறுதி கொள்வார்களாயின், பொற்கிழி வென்றவர் உகந்த காணிக்கை அதுவே ஆகும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
ஆண்டாள் திருவடிகளே சரணம்.